எங்கள் வீட்டு ஹைட்ரோ எந்த ஆறு?

கனடாவுக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பிய சொற்களில் ஒன்று ‘ஹைட்ரோ’. மொன்றியலில் வீடு பார்க்கப் போனபோது வாடகை சொன்ன அண்ணை, “ஹைட்ரோ வேற, தம்பி” என்றார். தண்ணீருக்குத்தான் தனியாகக் காசு கேட்கிறார், அது எவ்வளவு வந்துவிடப்போகிறது என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். ஜனவரி முடிந்து பில் வந்தபோதுதான் விளங்கியது, இந்த ஊரில் ஹைட்ரோ என்றால் கரண்ட். வெளியே மைனஸ் 25. உள்ளே சுவரோரம் நீட்டாகப் பொருத்தியிருக்கும் ஹீற்றர்கள் இரவு பகலாக அதைக் குடித்துக்கொண்டிருந்தன.

அப்புறம் அந்தச் சொல் பழகிவிட்டது. “ஹைட்ரோ கட்டியாச்சா?”, “ஹைட்ரோ போயிட்டுது” என்று நானும் சொல்லத் தொடங்கினேன். தண்ணீர் என்று அர்த்தமுள்ள ஒரு சொல்லை இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தும், எந்தத் தண்ணீர் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அதற்கு என் ஊரும் ஒரு காரணமாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. மாரியில் ஓடும், மற்ற நேரம் அது இருக்கும் இடமே தெரியாது. கரண்டும் அப்படித்தான். தொண்ணூறுகளின் முதல் பாதியில் அது எங்களுக்கு அறவே இல்லை, ஜாம்போத்தல் விளக்கில்தான் படித்தோம். ஆறும் தெரியாது, கரண்டும் தெரியாது என்று வளர்ந்தவனுக்கு, ஓர் ஆறு ஆயிரம் கிலோமீற்றர் தாண்டி வந்து தன் கால்மாட்டில் சூடாக இருக்கிறது என்று எப்படித் தோன்றும்?

சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று ஒரு கோடையில் கிளம்பினேன். கூட வந்த நண்பன் பாதிச் சம்மதத்தோடுதான் காரில் ஏறினான். “ஒரு அணைக்கட்டைப் பாக்க ஆயிரத்து நானூறு கிலோமீற்றரோ? நான் இரணைமடுவையே ஒழுங்காப் பாத்ததில்லை” என்றான்.

மட்டகாமி என்ற சிற்றூர் வரை வழக்கமான நெடுஞ்சாலைதான். அங்கிருந்து வடக்கே, அணைக்குப் பக்கத்து ஊரான ரடிசன் வரை 620 கிலோமீற்றர், நடுவில் ஊர் என்று ஒன்றும் வராது. பெற்றோல் கிடைப்பது ஒரே இடத்தில், 381ஆவது கிலோமீற்றரில். வடக்கே போகப் போக ஸ்புரூஸ் மரங்கள் குட்டையாகி, கடைசியில் போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி நிற்கின்றன. அணை கட்டுவதற்கு ஆளும் சாமானும் கொண்டுபோக எழுபதுகளின் தொடக்கத்தில் போட்ட பாதை இது. இன்று இதன் பெயர் பில்லி டயமண்ட் நெடுஞ்சாலை. அந்த அணைத் திட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்த்த மனிதரின் பெயர் அது. 2020இல்தான் வைத்தார்கள்.

இந்தக் கதையில் பெயர்களைக் கவனித்துக்கொண்டே வந்தால் பாதிக் கதை விளங்கிவிடும் என்பது என் அனுபவம். ஆற்றிலிருந்தே தொடங்கலாம். கிழக்கே, மொன்றியல் இருக்கும் அதே கியூபெக் மாகாணத்தின் உள்நாட்டில் பிறந்து சுமார் 900 கிலோமீற்றர் மேற்கே ஓடி ஜேம்ஸ் குடாவில் விழும் ஆறு இது. கரையில் வாழும் பூர்வகுடிகளான கிறீ மக்கள் சிசாசிபி என்றார்கள். பெரிய ஆறு என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள், லா கிராந்த் ரிவியேர் என்று. தமிழில் சொன்னால் பேராறு. மூன்று மொழியிலும் ஒரே பெயர் பொருந்துகிற ஆறு என்றால் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிறகு பொறியாளர்கள் வந்தார்கள். ஆற்றின் பெயர் எல்ஜி ஆனது. அணை கட்டும் இடங்களுக்கு எல்ஜி-1, எல்ஜி-2, எல்ஜி-3, எல்ஜி-4. எனக்கு எல்ஜி என்றதும் பெருங்காயம்தான் நினைவுக்கு வருகிறது, என்ன செய்ய.

எல்ஜி-2தான் நாங்கள் பார்க்கப் போனது. இப்போது அதற்கு ரொபேர் புராசா மின் நிலையம் என்று பெயர்.

புராசா யார் என்று சொல்வதற்கு முன் ஒரு பத்து வருடம் பின்னால் போகவேண்டும். அறுபதுகள் வரை கியூபெக்கில் பெரும்பான்மையோர் பிரெஞ்சு பேசினாலும் பெரிய வியாபாரமும் பெரிய வேலைகளும் ஆங்கிலம் பேசுவோர் கையில்தான் இருந்தன. 1962 தேர்தலில் லிபரல் கட்சி ‘மெத்ர் ஷே நூ’ என்று கேட்டு நின்றது: நம் வீட்டுக்கு நாமே எசமானர். தேர்தலே மின்சாரத்தைப் பற்றியதுதான். அமைச்சராக இருந்த ரெனே லெவெக் தனியார் மின் நிறுவனங்களை அரசுடைமை ஆக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கட்சி வென்றது. 1963இல் அந்த நிறுவனங்கள் எல்லாம் அரசின் மின் நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக்குக்குள் வந்தன. அன்றிலிருந்து இங்கே அணைக்கட்டு என்பது வெறும் அணைக்கட்டு இல்லை. பிரெஞ்சு பேசும் பொறியாளர்கள், பிரெஞ்சில் நடக்கும் வேலைத்தளம், 735 கிலோவோல்ட் மின்தடம் என்று உலகத்துக்கே புதிதான தொழில்நுட்பம். எங்களாலும் முடியும் என்று ஒரு சமூகம் தனக்குத் தானே காட்டிக்கொண்ட சான்றிதழ் அது. மொன்றியலில் வயதான பிரெஞ்சுக்காரர்களிடம் அணைகளைப் பற்றிப் பேசிப் பாருங்கள், குரலே மாறும்.

புராசா 1970இல் ஒரு லட்சம் வேலைவாய்ப்பு என்ற வாக்குறுதியோடு முதலமைச்சராக வந்தவர், அப்போது வயது 36. வென்று ஒரு வருடம் முடிந்த நேரம், 1971 ஏப்ரல் 30ஆம் தேதி, கட்சிக்காரர்களைக் கூட்டி வைத்து ஜேம்ஸ் குடாத் திட்டத்தை அறிவித்தார். நூற்றாண்டின் திட்டம் என்றார்கள். வடக்கே வீணாகக் கடலுக்குப் போகும் ஆறுகள், யாரும் இல்லாத நிலம், நாம் போய் எடுத்துக்கொள்ளவேண்டியதுதான் பாக்கி என்பதுபோல இருந்தது பேச்சு.

அந்த யாரும் இல்லாத நிலத்தில் கிறீ மக்கள் சில ஆயிரம் பேரும், இன்னும் வடக்கே இனுவிட் மக்களும் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கள் ஆறு போகப்போவதை வானொலியிலும் செய்தித்தாளிலும்தான் அறிந்தார்கள். நம் வீட்டுக்கு நாமே எசமானர் என்று போராடிய ஒரு சமூகம், பத்தே வருடத்தில் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே போயிற்று. எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பில்லி டயமண்டுக்கு அப்போது 21 வயது, வாஸ்ககனிஷ் ஊரின் தலைவர். அதுவரை கிறீ ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஓர் அமைப்பாக இயங்கியதே கிடையாது. ஓர் அணைத் திட்டம் அவர்களை ஒன்று சேர்த்தது. அந்தக் கோடையில் மிஸ்டிசினியில் கூடினார்கள், பிறகு நீதிமன்றம் போனார்கள். 1972 டிசம்பரில் மொன்றியலில் விசாரணை தொடங்கியது. காட்டில் பொறி வைத்து வாழ்ந்த முதியவர்கள் ஒவ்வொருவராக வந்து நீதிபதி அல்பேர் மலூஃப் முன்னால் எந்த ஆற்றுத் திருப்பத்தில் எந்த மீன், எந்த மாதத்தில் எந்த மிருகம் என்று சாட்சி சொன்னார்கள். இந்த வழக்கைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. உண்மையைச் சொல்வேன் என்று சத்தியம் செய்யச் சொன்னபோது ஒரு வேட்டைக்காரர் தயங்கினாராம். உண்மையைச் சொல்ல முடியுமா தெரியவில்லை, எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்ல முடியும் என்றாராம்.

1973 நவம்பர் 15ஆம் தேதி மலூஃப் தீர்ப்புச் சொன்னார்: வேலையை நிறுத்துங்கள். யாரும் எதிர்பார்க்காத தீர்ப்பு அது. ஆனால் நிலைத்தது ஒரு வாரம்தான். நவம்பர் 22இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. கியூபெக்கின் மில்லியன் கணக்கான மக்களின் தேவைக்கு முன்னால் சில ஆயிரம் பேரின் நலன் நிற்காது என்பதுதான் சாரம். புல்டோசர்கள் மறுபடி உறுமின.

வேலையை ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்திக் காட்டியவர்கள் கிறீ மக்கள் இல்லை, தொழிலாளர்கள். 1974 மார்ச் 21ஆம் தேதி எல்ஜி-2 முகாமில் தொழிற்சங்கங்களுக்கிடையே இருந்த பகை வெடித்தது. ஒருவர் புல்டோசரில் ஏறி முகாமின் மின் இயந்திரங்களையும் எரிபொருள் தாங்கிகளையும் இடித்தார், தீ வைத்தார்கள். கடுங்குளிரில் ஆட்களை விமானத்தில் ஏற்றித் தெற்கே கொண்டுவரவேண்டி வந்தது. ஏறத்தாழ ஏழு வாரம் வேலை நின்றது. அதை விசாரிக்க அமைத்த ஆணையத்தில் இருந்த இளம் வழக்கறிஞர் பிரையன் மல்ரோனி. பத்து வருடம் கழித்து நாட்டின் பிரதமர்.

வழக்கு ஒரு வாரத்தில் கவிழ்ந்தாலும் அதற்கு ஒரு பலன் இருந்தது. நிலத்தின் உரிமை இன்னும் தீராத கணக்கு என்று அரசுக்கு உறைத்துவிட்டது. பேச்சுவார்த்தை தொடங்கியது. 1975 நவம்பர் 11ஆம் தேதி ஜேம்ஸ் குடா – வட கியூபெக் ஒப்பந்தம் கையெழுத்தானது. கனடாவின் நவீன காலத்து முதல் நில உடன்படிக்கை இதுதான். சுமார் பத்து லட்சம் சதுர கிலோமீற்றர் நிலத்தின் மீதான உரிமைக் கோரிக்கையைக் கிறீ, இனுவிட் மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு 225 மில்லியன் டொலர், ஊர்களைச் சுற்றிச் சொந்த நிலம், வேட்டையாடும் உரிமை, தங்கள் பள்ளிகளையும் சுகாதாரத்தையும் தாங்களே நடத்தும் சபைகள், காட்டில் வாழ விரும்பும் வேட்டைக்காரர்களுக்கு ஆண்டு வருமானம். நல்ல பேரமா? பக்கத்தில் புல்டோசர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேசும் பேரம் எவ்வளவுதான் நல்லதாக இருக்கமுடியும்? ஆனால் அந்தப் பள்ளிச் சபையும் சுகாதாரச் சபையும் இன்றைக்கும் இயங்குகின்றன. கிறீ மக்கள் தங்களுக்கென்று ஒரு விமான நிறுவனமே நடத்துகிறார்கள். பில்லி டயமண்டைக் கையெழுத்துப் போட்டவர் என்று திட்டியவர்களும் உண்டு, கிடைத்ததை வைத்து ஒரு நிர்வாகத்தைக் கட்டியவர் என்று கொண்டாடுபவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம், கொஞ்சம் தயக்கத்தோடு.

அணை எழுந்தது. கொங்கிரீட் சுவர் இல்லை, பாறையும் மண்ணும் கொட்டி எழுப்பிய மலை: 162 மீற்றர் உயரம், 2.8 கிலோமீற்றர் நீளம். 1978 நவம்பரில் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள், நீர்த்தேக்கம் நிறைய ஒரு வருடம் ஆனது. 2,835 சதுர கிலோமீற்றர் பரப்பு. யாழ்ப்பாண மாவட்டத்தை உள்ளே போட்டாலும் சுற்றிவரத் தண்ணீர் தெரியும். 1979 அக்டோபர் 27இல் திறப்பு விழா. திறந்து வைத்த முதலமைச்சர் யார் தெரியுமா? லெவெக். புராசா 1976இல் அவரிடம்தான் தோற்றிருந்தார். இந்தத் திட்டத்துக்குப் பதிலாக அணுமின் நிலையம் கட்டலாம் என்று ஒரு காலத்தில் வாதாடிய கட்சி, நாடாவை வெட்டியது. 1996இல் புராசா இறந்த பிறகு நிலையத்துக்கு அவர் பெயர் வந்தது.

நாங்கள் முன்பதிவு செய்துகொண்டு போயிருந்தோம். சுற்றிக்காட்டக் காசு கேட்பதில்லை. தலைக்கவசம் போட்டுப் பஸ்ஸில் ஏற்றி மலைக்குள் கொண்டுபோகிறார்கள். தரைக்கு 137 மீற்றர் கீழே, பாறையைக் குடைந்து, 483 மீற்றர் நீளத்துக்கு ஒரு மண்டபம். பதினாறு மின்னாக்கிகள் வரிசையாக. மொத்தம் 5,616 மெகாவாட். இலங்கை முழுவதும் உச்சநேரத்தில் இழுப்பது இதில் ஏறத்தாழ பாதிதான். காதைக் கிழிக்கும் சத்தம் இருக்கும் என்று நினைத்தேன், அப்படி இல்லை. ஒரு சீரான முனகல், சப்பாத்து வழியாக உள்ளங்காலுக்கு ஏறும் நடுக்கம், அவ்வளவுதான். வழிகாட்டி பிரெஞ்சில் எண்களை அடுக்கிக்கொண்டே போனார். ஆற்றைப் பார்க்க 1,400 கிலோமீற்றர் வந்தவன் அந்த மண்டபத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்தால் ‘இராட்சதப் படிக்கட்டு’. வெள்ளம் மிஞ்சினால் திறந்துவிடுவதற்காகப் பாறையில் வெட்டிய வடிகால், பத்துப் படிகள், ஒவ்வொன்றும் பத்து மீற்றர் உயரம், 122 மீற்றர் அகலம். அதிலும் தண்ணீர் இல்லை. அது ஓடுவதே அபூர்வமாம். தண்ணீர் படியில் இறங்கினால் காசு கடலுக்குப் போகிறது என்று கணக்கு.

தண்ணீர் எப்போது ஓடும் என்பதில்தான் இந்த நிலையத்தின் உண்மையான கதை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வட நாட்டு ஆறு குளிர்காலத்தில் பனிக்கு அடியில் மெலிந்து கிடக்கும், வசந்தத்தில் பனி உருகிப் பெருகும். அதுதான் அதன் இயல்பு. ஆனால் எங்கள் வீட்டு ஹீற்றருக்குத் தண்ணீர் ஜனவரியில் வேண்டும். ஆகவே வசந்தத்தில் பெருகுவதைத் தேக்கி வைத்து, குளிர்காலத்தில் முழு வேகத்தில் விடுகிறார்கள். ஆறு தலைகீழாகிவிட்டது. மாசி மாதத்தில் வெள்ளம், வைகாசியில் அடக்கம். குளிர்காலத்தில் ஆற்றுவாயில் இறங்கும் அந்த நன்னீர் கடற்பனிக்கு அடியில் விரிகிறது. எங்கே பனி தாங்கும், எங்கே தாங்காது என்று தலைமுறையாகத் தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு தப்பிப் போனது. கரையோரக் கடற்புற்கள் அழிந்தன, அவற்றை மேய வரும் வாத்துகள் குறைந்தன.

இன்னொன்று யாரும் எதிர்பாராதது. மூழ்கிய காடும் மண்ணும் அழுகும்போது, அவற்றில் இயல்பாகவே இருக்கும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு மீனுக்குள் போய், அதைத் தின்னும் பெரிய மீனில் சேர்ந்து, கடைசியில் மனிதனுக்கு வரும். 1984இல் சோதித்தபோது சிசாசிபி ஊரில் பாதிக்கு மேற்பட்டோரின் உடலில் அளவு மிஞ்சியிருந்தது. மீனைக் குறையுங்கள் என்றார்கள். மீன்தான் சாப்பாடாக இருந்த ஊருக்கு!

அதே வருடம் செப்டம்பர் முடிவில், கிழக்கே கனியாபிஸ்கோ ஆற்றைக் கடக்கும்போது சுமார் 10,000 கரிபு மான்கள் மூழ்கிச் செத்தன. மேலே நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் விட்டதுதான் காரணம் என்று ஒரு தரப்பு, கனமழை என்று மறு தரப்பு.

ஊரும் இடம்பெயர்ந்தது. கிறீ மக்கள் ஆற்றுவாயில் ஃபோர்ட் ஜோர்ஜ் என்ற தீவில் இருந்தார்கள். நீரோட்டம் மாறினால் தீவின் கரை அரித்துவிடும் என்ற பயத்தில் 1980 வாக்கில் கரைப்பக்கம் புது ஊருக்கு மாறினார்கள். வீடுகள் சிலவற்றை அப்படியே கிளப்பிக்கொண்டுபோனார்களாம். புது ஊருக்கு வைத்த பெயர் சிசாசிபி. ஆற்றுக்கு வரைபடத்தில் எண் வந்துவிட்டது, ஆற்றின் பெயரை ஊர் எடுத்து வைத்துக்கொண்டது. ரடிசனிலிருந்து நூறு கிலோமீற்றருக்குள்தான், போயிருந்தோம். கடையில் பேச்சுக் கொடுத்த ஒருவர், கோடையில் தீவில் எல்லோரும் கூடுவோம், கூடாரம் போட்டுத் தங்குவோம், நேரம் இருந்தால் படகில் போய்ப் பார் என்றார். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் ஆட்கள் போய் நிற்பதை நண்பன் அவருக்கு ஆங்கிலத்தில் விளக்க முயன்றான். பாதிதான் விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன், சிரித்தார்.

இதையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டதால், எண்பதுகளின் கடைசியில் கிரேட் வேல் ஆற்றுக்கு அடுத்த திட்டம் வந்தபோது கிறீ மக்கள் ஏமாறவில்லை. அந்த மின்சாரத்தை வாங்கப்போகிறவர்களிடமே நேரே போனார்கள். பாதி கனூ, பாதி கயாக் என்று ‘ஓடெயாக்’ என்ற ஒரு படகைக் கட்டி, கிறீயும் இனுவிட்டும் சேர்ந்து 1990இல் நியூயோர்க் வரை துடுப்புப் போட்டார்கள். 1992இல் நியூயோர்க் மாநிலம் ஒப்பந்தத்தைக் கைவிட்டது, 1994இல் திட்டமும் மூடப்பட்டது. ஆற்றங்கரையில் நின்று கத்துவதைவிட, பில் கட்டுகிறவன் வாசலில் போய் நிற்பது பலன் தரும் என்று கண்டுபிடித்தவர்கள்.

வடக்கு தொலைவில் இருப்பதன் விலையைத் தெற்கு ஒருமுறை கொடுத்ததும் உண்டு. 1989 மார்ச் 13 அதிகாலை, சூரியனிலிருந்து கிளம்பிய காந்தப் புயல் பூமியைத் தாக்கியது. கியூபெக்கின் அடியில் இருப்பது மின்சாரத்தைக் கடத்தாத பழம்பாறை. ஆகவே தூண்டப்பட்ட மின்னோட்டம் பாறையை விட்டு, நீண்டு கிடக்கும் கம்பிகளில் ஏறியது. ஜேம்ஸ் குடாவிலிருந்து வரும் தடங்கள் கழன்றன. தொண்ணூறு விநாடிகளில் மாகாணம் முழுக்க இருட்டு, அறுபது லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம். எனக்கு முன்னால் வந்த அண்ணைமார் இன்றைக்கும் சொல்வார்கள்: “ஊரிலதான் இருட்டு எண்டு இஞ்ச வந்தால்...”

திரும்பி வரும் வழியில் 257ஆவது கிலோமீற்றரில் வண்டியை நிறுத்தினோம். போகும்போது நான் தூங்கிவிட்டிருந்தேன். பாலத்துக்குக் கீழே ரூபெர்ட் ஆறு பாறைகளில் மோதி நுரைத்துக்கொண்டு போகிறது. அந்தப் பயணத்தில் நாங்கள் பார்த்த ஓடும் ஆறு என்றால் அதுதான். நண்பன் குஷியாகிவிட்டான். “உன்ர பெரிய ஆத்தை விட இது எவ்வளவோ திறம்” என்று படம் எடுத்தான்.

இந்த ஆற்றிலும் கைவைத்தாயிற்று என்று சொன்னேன். லா கிராந்த் என்று ஒரு பெயர் இருந்தாலும் அதில் இப்போது ஓடுவது பல ஆறுகள். ஈஸ்ட்மெயின் ஆற்றை 1980இல் திருப்பினார்கள், அதன் வாயில் இருக்கும் ஊருக்கு மிஞ்சியது ஒரு வாய்க்கால். கனியாபிஸ்கோவின் தலைப்பகுதியும் வந்தது. 2002இல் கிறீ மக்களும் கியூபெக்கும் ‘வீரர்களின் அமைதி’ என்று இன்னோர் உடன்படிக்கை போட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு 3.5 பில்லியன் டொலர். இந்தமுறை கேட்டுத்தான் எடுத்தார்கள், கிறீ ஊர்களில் வாக்கெடுப்பும் நடந்தது. பதிலுக்குக் கொடுத்தவற்றில் ரூபெர்ட் ஆறும் ஒன்று. 2009 நவம்பரில், திருப்பும் இடத்தில் அதன் தண்ணீரில் ஏறத்தாழ 70 சதவீதம் வடக்கே போகத் தொடங்கியது. அதுவும் எல்ஜி-2 சுரங்கத்துக்குள் இறங்கித்தான் கடலுக்குப் போகிறது.

நண்பன் கைபேசியை இறக்கிவிட்டுக் கொஞ்சநேரம் தண்ணீரைப் பார்த்தான். “அப்ப முந்தி இது எப்பிடி இருந்திருக்கும்?” என்றான்.

எனக்குத் தெரியாது என்றேன். கறுப்பு ஈக்கள் காதுக்குள் புகத் தொடங்கின. சாப்பிட என்று எடுத்து வைத்த பாணையும் சம்பலையும் காருக்குள் கொண்டுபோய், கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டோம்.